போர்க்களம் தந்த பின்னல்

முன்நெற்றி மெல்லப் பின்வாங்கத் தொடங்கிய நாட்களில் எனக்கும் டோப்பா வைக்கும் ஆசை வந்தது. தடுத்தது விலையல்ல, பெயர். 'டோப்பா' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாடகக் கொட்டகையும், அரிதாரமும், மூன்றாம் காட்சியில் கழன்று விழப்போகும் ராஜாவின் கிராப்பும் உடனே கண்முன் வரும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் கல்யாண வீட்டில் பந்திக்கு முந்த முடியுமா?

இந்த விஷயத்தில் பழைய ஐரோப்பியர்கள் விவரமானவர்கள். விக்குக்கு விதவிதமாகப் பெயர் வைத்தார்கள். புறா இறக்கை விக், காலிஃபிளவர் விக் என்றெல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது ராமிலீஸ் விக். ராமிலீஸ் என்பது இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஓர் ஊர். 1706 மே 23 அன்று ஆங்கிலத் தளபதி மார்ல்பரோ பிரபு அங்கே பிரெஞ்சுப் படையைத் துரத்தியடித்தார். ஆயிரக்கணக்கானோர் மாண்ட போர் அது. வெற்றியைக் கொண்டாட ஆங்கிலேயர் அந்த ஊர்ப் பெயரை வைத்தது எதற்குத் தெரியுமா? சடைக்கு! விக்கின் பின்புறம் நீளமாக ஒரு பின்னல், அதன் உச்சியில் பெரிய கறுப்பு ரிப்பன், நுனியில் சின்ன ரிப்பன். பள்ளிக்கூடம் கிளம்பும் ஆறாம் வகுப்புப் பெண் மாதிரி இருக்கும். ஆனால் வைத்துக்கொண்டவர்கள் மீசை முறுக்க வேண்டிய ராணுவ அதிகாரிகள்.

அதே போரில் மார்ல்பரோ குதிரையிலிருந்து விழுந்தார். வேறு குதிரையில் அவர் ஏற அங்கவடியைப் பிடித்துக்கொண்டிருந்த கர்னலின் தலையைப் பீரங்கிக் குண்டு கொண்டுபோனது. நாட்டுக்காகத் தலையையே கொடுத்தவர் பெயரில் ஒரு விக்கும் இல்லை. என்னைக் கேட்டால் இது அநியாயம்.

பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது யாரோ ஒருவர் முடிதானே? லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், 1663 நவம்பரில் சொந்த முடியை வெட்டியெறிந்துவிட்டு விக் வைத்தார். தேவாலயமே தன்னைத் திரும்பிப் பார்க்கப்போகிறது என்று நடுங்கிக்கொண்டு போனார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் பிளேக் வந்தது. வாங்கிய புது விக்கைத் தலையில் வைக்கவே அவருக்குப் பயம். பிளேக்கில் செத்தவர் முடியாக இருந்தால்?

மோகம் வடிந்ததும் விக் செய்பவர்கள் பிழைப்புக் கெட்டு, எல்லா ஆண்களும் விக் வைக்க உத்தரவிட வேண்டும் என்று 1765இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் ஊர்வலமாக மனுக் கொடுக்கப் போனார்கள். மனுவில் ஒரு குறையும் இல்லை. கொண்டுபோனவர்களில் பலர் தலையில்தான் விக் இல்லை! சொந்த முடியோடு வந்து எங்களை விக் வைக்கச் சொல்கிறாயா என்று கூட்டம் அவர்களைப் பிடித்து முடியை வெட்டிவிட்டது. போர் ஓய்ந்து மரக்கால் விற்பனை படுத்துவிட்டதென்று தச்சர்களும் மனுப் போடுவார்களோ என்று அன்றைய எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் கேலி செய்தார்.

கடைசியில் சமாதி கட்டியது வரி. விக்குக்குப் பூசும் பவுடருக்கு 1795இல் பிரதமர் பிட், தலைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு கினி (அன்றைய தங்கக் காசு) விதித்தார். கட்ட மனமில்லாத கனவான்கள் பவுடரையும் விக்கையும் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இருக்கிற முடியோடு தெருவுக்கு வந்தார்கள்.