ரிட்டையர் ஆன பக்தி

வாடா மாப்ளே, திண்ணையில உக்காரு. முழங்கால் வலின்னு பிரதோஷத்துக்குக் கோயில் பக்கமே வரலையாமே? 65 வயசாச்சு, வலிக்கத்தான் செய்யும். ஆனா பாரு, தெக்கு வீதி டீக்கடைக்குப் போறப்ப மட்டும் அது வலிக்கிறதில்ல. ரொம்ப விவரமான முழங்கால்டா!

உன்னைக் குத்தம் சொல்லல. பொண்ணு கல்யாணம் தட்டிக்கிட்டே போனப்ப அங்கப்பிரதட்சணம் பண்ணினவன் நீ. பிரமோஷன் ஃபைலு மேசை நகராம கிடந்தப்ப நவக்கிரகத்தை நீ சுத்துன சுத்துல சனீஸ்வரனுக்கே தலை கிறுகிறுத்துப் போச்சு. இப்பப் பொண்ணு புருஷன் வீட்டுல, பென்ஷன் பேங்குல. சாமிக்கும் சேத்து ரிட்டையர்மென்ட் குடுத்துட்டே. அவருக்கு கிராஜுவிட்டியாவது குடுத்தியா?

அப்பர் கதை தெரியும்னுவே. பல்லவ ராஜா சுண்ணாம்புக் காளவாயில போட்டான், யானையை ஏவினான், கல்லோட கட்டிக் கடல்ல தள்ளினான். இதை எல்லாரும் சொல்லுவாங்க. கழுத்துக்குக் கத்தி வந்தா நாத்திகனும்தான் சாமியைக் கூப்பிடுவான். நீ திருப்புகலூர்ல நடந்ததைக் கேளு, சேக்கிழார் பெரியபுராணத்துல பாடி வச்சிருக்கார். கிழவர் கயிலாயம் பாக்கப் போறேன்னு கிளம்பி, பாதம் தேஞ்சு, கையால ஊந்து, மாரால நகந்து, கடைசியா உருண்டே போனவரு. அத்தனையும் பட்டுட்டு, முடிவுல திருப்புகலூர் வந்து, உழவாரமும் கையுமா கோயில் முத்தத்துல புல்லு செதுக்கிக்கிட்டு இருக்கார். 81 வயசு இருந்தார்னு சொல்லுவாங்க.

பாவம் வயசாளின்னு சிவன் விட்டாரா? அப்பத்தான் பரீட்சையே வச்சார். உழவாரம் படுற எடமெல்லாம் பொன்னும் மணியுமா மின்னுது. மனுஷன் அதைப் பருக்கைக் கல்லோட கல்லா வாரிக் குளத்துல வீசிட்டு அடுத்த புல்லுக்குப் போயிட்டார். சரி, காசுக்கு மசியலன்னு வானத்துலேர்ந்து அரம்பையரை அனுப்பினார். ஆடுறாங்க, பாடுறாங்க, பூவைத் தூவுறாங்க. இவரு செதுக்கின புல்லைக் கூட்டித் தள்ளுறதுலேயே இருக்கார்.

பாத்தியா, வயசு காலத்துல நெருப்பு வரலை, சொகுசுதான் வந்துச்சு. உன்னைச் சோதிக்கச் சிவனுக்குச் செலவே இல்லடா மாப்ளே. பொன்னு வேணாம், ரம்பை வேணாம். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரிமோட்டு, ஏழரை மணி சீரியல். அவ்வளவுதான், நீ அவுட்டு.

செல்போன்லயே லைவா தரிசனம் பாக்குறேன்னு சொல்றே. ரொம்ப வசதி. அபிஷேகத்துக்கு நடுவுல வாட்ஸ்அப் வந்தா, சாமியை அப்படியே நிறுத்தி வச்சிட்டுப் போகலாம். பெரிய கோயில் கட்டுன ராஜராஜனுக்குக்கூட இந்த அதிகாரம் கிடைக்கலை.

என்னது, மனசுல இருந்தா போதுமா? உங்க அத்தை இலை போடுறப்ப, "சோறும் மனசுலேயே இருக்கு அத்தே"ன்னு ஒரு தரம் சொல்லிப் பாரேன்.

சித்திரை சதயம் வருது, அப்பர் குருபூசை. வெளிப்பிரகாரத்துல நெருஞ்சி மண்டிக் கிடக்கு. குனியாம செதுக்குற மாதிரி நீளக் காம்பு போட்டு ஒரு உழவாரம் அடிக்கச் சொல்லி ஆசாரிகிட்ட ஏற்பாடு பண்ணிட்டேன். உன் முழங்காலுக்கு வேலையே இல்லை. காசை மட்டும் நீ குடுத்துடு, பென்ஷன் வாங்குறவன் நீதானே!