பகுதிநேர வீரம்

அமெரிக்காவில் ரிசர்வ் விமானி என்று ஓர் இனம் உண்டு. பிழைப்புக்குப் பயணிகள் விமானம். மாதத்தில் ஒரு வார இறுதியும் வருடத்தில் இரண்டு கிழமையும் இராணுவ விமானம். அழைப்பாணை வந்தால் கணக்கு மாறும்: மாதக்கணக்கில் கடல் தாண்டி இருக்க வேண்டும். பழைய வேலையைச் சட்டம் காத்துவைக்கும்.

கண்டியில் அப்படி ஒருவர் இருந்தால் அழைப்பு வந்ததும் முதலில் ஓட வேண்டியது பஸ் நிலையத்துக்குத்தான். ஊரில் ஓடுபாதை இல்லை. குண்டசாலையில் விமான நிலையம் வருகிறது என்ற பேச்சு மட்டும் அவ்வப்போது வந்து இறங்கும். கடுகண்ணாவை இறக்கத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து அவர் கட்டுநாயக்கா விமான நிலையம் சேர்வதற்குள், எதிரி தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருப்பான்.

ஆனாலும் பகுதிநேரப் படை கண்டிக்குப் புதிதல்ல. 1900இல் தொடங்கிய தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படைக்குத் தலைமையகமே இங்குதான். வெள்ளைக்காரர் மட்டும். வேலை நாளில் கொழுந்துக் கணக்கு, ஓய்வு நாளில் குறி பார்ப்பது. 1914இல் முதல் உலகப் போர் வந்ததும் நிஜமாகவே எகிப்துக்குக் கப்பலேறினார்கள். கலிப்பொலியில் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றார்கள். துரை போர்க்களத்தில் நின்றபோதும் மலையில் கொழுந்து நிற்கவில்லை. பறித்தவர்கள் முழுநேரம், அவர்களுக்கு ரிசர்வும் இல்லை, பதக்கமும் இல்லை.

துரைமாரின் படை 1949இல் கலைக்கப்பட்டது. கொழுந்து பறித்தவர்களின் குடியுரிமையை அதற்கு முந்திய வருடமே பறித்தாயிற்று.