புதுக்கடைப் பிளேன்டீயும் நெஞ்சுப் படபடப்பும்: ஒரு பூர்வாங்க விசாரணை

புதுக்கடைக்கு வழக்குக்குப் போகிறவர்களின் நெஞ்சு ஏன் படபடக்கிறது? வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை வீட்டார் சொல்லும் விடை ஒன்றுதான்: "வெறும் வயித்திலை தேத்தண்ணி குடிச்சால் படபடக்காமல் என்ன செய்யும்?" இக்கூற்றை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வாளருக்கு இதில் சொந்த நலன் இல்லையென்று சொல்ல முடியாது. அவர் நாளொன்றுக்கு ஏழு குடிப்பவர்.

முதலில் பெயர்ச்சான்று. 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயரால் இவ்விடம் ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப், சிங்களத்தில் அளுத்கடே, தமிழில் புதுக்கடை. மூன்று பெயரில் இரண்டில் கடை இருக்கிறது, நீதிமன்றம் ஒன்றிலும் இல்லை. ஆகவே இங்கே முந்தியது தேத்தண்ணிக்கடையே. (ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதே 1867இல்தானே என்ற ஆட்சேபம் பதிவுசெய்யப்பட்டு, ஒதுக்கிவைக்கப்படுகிறது.)

இனி, பொருளின் குணம். மூளையில் அடினோசின் என்றொன்று பொழுதோடு சேர்ந்துகொண்டே வரும். அதற்கென்று போட்ட கதிரையில் அது வந்து இருந்தால்தான் நித்திரை தூக்கும். கஃபீன் சாயலில் அதைப் போன்றது. முந்திப்போய்க் கதிரையைப் பிடித்துக்கொள்ளும். தானும் வழக்குப் பேசாது, வந்தவனையும் இருக்க விடாது. அடினோசின் அடக்கிவைத்திருந்த டோபமீனுக்கு அதனால் கொஞ்சம் கை அவிழும். தன் வழக்கு வெல்லும் என்று மனிதருக்குத் தோன்றுவது இந்த நேரத்தில்தான். கூடவே கபச்சுரப்பி தூதனுப்ப, சிறுநீரகங்களின் மேலிருக்கும் அதிரினல் சுரப்பிகள் கோர்ட்டிசோலை அவிழ்த்துவிடும். குற்றப்பத்திரத்தின் சாரம் இவ்வளவே.

ஆய்வுமுறை: மாதிரி ஒருவர், மச்சானோடு காணி வழக்காடும் ஆய்வாளரே. ஒப்பீட்டுக்கு அதே ஒருவர், தேத்தண்ணி குடிக்காத நாளில். அப்படியொரு நாள் கிடைக்கவில்லை. கோர்ட்டிசோலை உமிழ்நீரிலேயே அளக்கலாம். ஆனால் நீதிமன்ற வாசலில் நின்று குப்பிக்குள் துப்பினால் காணி வழக்கு வேறு வழக்காகிவிடும். எனவே நாடி மட்டும் எண்ணப்பட்டது. பிளேன்டீக்கு முன் 78, பின் 80. மச்சானின் சட்டத்தரணி கோப்போடு எழும்பியபோது 104. தவணை குறித்ததும் 76. கடைசி எண் எதிர்பாராதது, தனி ஆய்வுக்குரியது.

இப்போது வெளிநாட்டுச் சாட்சி. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீன் என்று ஐந்து நாள் எடுத்துப் பழகியவர்களுக்குக் காலை ஒன்பது மணிக்கு 250 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். கோர்ட்டிசோல் அசையவில்லை. ஐந்து நாளும் கஃபீனைத் தொடாதிருந்தவர்களுக்கோ ஏறியது. ஒரு பிளேன்டீயில் இருப்பது ஏறத்தாழ 40, 50 மில்லிகிராம். ஏழு குடிப்பவர் பழகியவரா இல்லையா என்பதைக் கற்றறிந்த வாசகரே கணக்குப் பார்க்கட்டும்.

குறுக்கு விசாரணையில்தான் சாட்சி தடுமாறியது. ஒரு மணிக்கு இரண்டாம் முறை கொடுத்தபோது, பழகியவர்களுக்கும் கோர்ட்டிசோல் கூடிப் பின்னேரம்வரை இறங்கவில்லை. ஒரு மணி என்பது நீதிமன்றம் சாப்பாட்டுக்குக் கலைந்து கடை நிரம்பும் நேரம். அப்போது குடித்த கஃபீனில் பாதி, சுமார் ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் நிற்கும். காணி வழக்கின் அரைவாழ்வுக் காலம் இன்னும் கணிக்கப்படவில்லை.

இந்த முடிவைக் கடைக்கார நானாவிடம் விளக்கவேண்டியதாயிற்று.

"பகலைக்கு பிளேன்டீ கூடாதா சேர்? அப்ப பால் டீ போடவா?"

பால் விட்டால் கஃபீன் குறையாது என்று சொல்லப்பட்டது.

"சீனி கூட்டிப் போட்டா?"

தீர்ப்பு: காலைப் பிளேன்டீ விடுதலை. ஒரு மணிப் பிளேன்டீ பிணையில் விடப்படுகிறது. பிணையாளிகள் இருவர்: நானா ஒருவர், ஆய்வாளர் மற்றவர்.