நகை செய்யக் கூடாது!

கேள்வி: அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பிறந்த ஒருவரின் குடும்பக் கதையைத் தோண்ட, பழைய உயில்கள் உதவுமா?

பதில்: உதவும். வீட்டில் யாருக்கு யாரை ஆகாது என்பது வரை தெரிந்துவிடும்! அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1788-ல் எழுதிய உயிலைப் பாருங்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் சாய்ந்த மகன் வில்லியமுக்கு நோவா ஸ்கோஷியா நிலம், ஏற்கெனவே அவர் கையில் இருந்த புத்தகங்கள், பழைய கடன் தள்ளுபடி. அவ்வளவுதான். காரணத்தையும் உயிலிலேயே போட்டு உடைத்துவிட்டார் அப்பா.

மகள் சாராவுக்கு, பிரெஞ்சு மன்னர் தந்த படம். சுற்றிலும் 408 வைரங்கள். ஆனால் அவற்றை நகையாக்கிப் போடக் கூடாதாம். சாரா அப்பா சொல்லைத் தட்டவில்லை. நகை செய்யாமல், கொஞ்சம் வைரத்தை விற்று, கணவரோடு லண்டன் போய் வந்துவிட்டார்.