உட்லண்ட்ஸ் மாணவர் தேக்கா சேர் படலம்: ஓர் ஆய்வு

சிங்கப்பூருக்குப் படிக்க வந்து உட்லண்ட்ஸில் அறை எடுத்துத் தங்கும் தமிழ்நாட்டு மாணவர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றக் கிளம்புகிறார். கையில் பட்டியல் இருக்கிறது. மெரினா பே, ஆர்ச்சர்ட் சாலை, மெர்லயன் சிலை வாயிலிருந்து விழும் தண்ணீரைத் தான் குடிப்பதுபோல் ஒரு படம். மாலை நான்கு மணிக்குப் பார்த்தால் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் நிற்கிறார். அடுத்த ஞாயிறும் தேக்கா. அதற்கடுத்த வாரம், பக்கத்தில் மண்டாயில் இருக்கும் விலங்குத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று அறைத்தோழரிடம் சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பியவர், இரவு கறிவேப்பிலைக் கட்டோடு திரும்புகிறார்.

இந்நிகழ்வு ஊரறிந்தது. காரணம் என்ன என்பதில்தான் அறிஞரிடையே கருத்து வேறுபாடு. சைவ சித்தாந்திகள் பரபக்கம் என்று பிறர் கொள்கையை முதலில் எடுத்து மறுப்பார்கள். பிறகு சுபக்கம் என்று தம் கொள்கையை நிறுவுவார்கள். நாமும் அவ்வழியே போவோம். கறிவேப்பிலைக்கு இவ்வளவு பெரிய முறை தேவையா என்று கேட்பவர்கள் ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்கள்.

களத்தை அளந்துவிடுவோம். உட்லண்ட்ஸ் தீவின் வட விளிம்பு. ஜொகூர் நீரிணையின் குறுக்கே போகும் கடற்பாலம் அங்கேதான் தொடங்குகிறது. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அதன் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் விசா இல்லாமலே மலேசியா போய்வரலாம். ஆக, நம் மாணவருக்கு இன்னொரு நாடு கூப்பிடு தூரம். தேக்காவோ நேரெதிர்த் திசையில், நகரத்துக்குள், முக்கால் மணி நேரப் பயணத்தில். அயல்நாட்டைவிடத் தொலைவில் இருக்கும் ஒரு காய்கறிச் சந்தைக்கு அவர் ஏன் போகிறார்?

முதல் கட்சி, போக்குவரத்துவாதிகள். தேக்காவுக்குப் போவது சுலபம், அதனால் போகிறார்கள் என்பது இவர்கள் வாதம். எம்ஆர்டி வரைபடத்தைப் பார்க்காதவர்கள்தான் இப்படிப் பேச முடியும். உட்லண்ட்ஸ் நிலையத்தில் மேலே ஓடுவது 1996 பிப்ரவரியில் வந்து சேர்ந்த வடக்கு-தெற்குப் பாதை. அதில் ஏறி அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஆர்ச்சர்ட், நகர மண்டபம், ராஃபிள்ஸ் பிளேஸ், மெரினா பே என்று தானாக வரும். பூமிக்கடியில் ஓடுவது 2020 ஜனவரியில் தொடங்கிய தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை. அது கரையோரப் பூந்தோட்டங்கள் வரை கொண்டுபோய் விடும். பட்டியலில் உள்ள இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு ரயில் மாறவே வேண்டாம். மாற வேண்டியது தேக்காவுக்குத்தான். மெனக்கெட்டு இறங்கி, மாறி, போகிறார். சுலபம் என்ற வாதம் இத்துடன் விழுந்தது.

ஆனால் எங்கே மாறுவது என்ற கிளைக் கேள்வியில் ஆய்வுலகம் இதுவரை கவனிக்காத ஒரு புதையல் இருக்கிறது. எழுத்தின் வடிவத்தை வைத்துக் கல்வெட்டின் காலத்தைச் சொல்வதுபோல, சீனியர் சொல்லும் வழியை வைத்து அவர் சிங்கப்பூர் வந்த காலத்தைச் சொல்லிவிடலாம். “தோபி காட்ல எறங்கி செலிகி ரோடு வழியா நடந்துரு” என்பவர் 2003 ஜூனுக்கு முன் வந்தவர். வடகிழக்குப் பாதை அப்போதுதான் திறந்தது, அதற்குமுன் லிட்டில் இந்தியா நிலையமே கிடையாது. “தோபி காட்ல மாறி ஒரே ஸ்டாப்” என்பவர் அதற்கடுத்த தலைமுறை. “நியூட்டன்ல மாறு” என்றால் 2015 டிசம்பர் 27க்குப் பிந்தியவர். டவுன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டம் அன்றுதான் ஓடத் தொடங்கியது. “மேல போகாத, கீழ போ, ஸ்டீவன்ஸ்ல மாறு” என்று சொல்பவர் 2022 நவம்பருக்குப் பிறகு வந்தவர், அல்லது பழையவராக இருந்தும் அறிவைப் புதுப்பித்துக்கொண்ட அபூர்வ ஜீவன்.

எண்ணிப் பார்த்தால் நியூட்டன் வழியில் 13 நிறுத்தம், ஸ்டீவன்ஸ் வழியில் 10. அந்தப் பத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. உட்லண்ட்ஸின் எண் டிஇ2, ஸ்டீவன்ஸின் எண் டிஇ11. கழித்தால் ஒன்பது நிறுத்தம் வர வேண்டும். ரயில் எட்டுதான் நிற்கும். நடுவில் உள்ள டிஇ10, மவுண்ட் பிளசன்ட் நிலையம், 2022இல் அந்தப் பகுதி திறந்தபோதும் திறக்கவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டே வரும் புது மாணவர் ஒரு நிலையம் தாண்டிப் போய்விட்டதாகப் பதறி எழுந்திருப்பது இந்த இடத்தில்தான்.

நியூட்டன் பாதைக்காரர்களுக்கும் நியாயம் உண்டு. அது ஈசூன், காதிப் வரை வீடுகளின் மேல்மாடிகளைக் காட்டிக்கொண்டு போகும். காதிப்புக்கும் இயோ சூ காங்குக்கும் நடுவே காடு வரும், சிங்கப்பூரில் காடா என்று மாணவர் வாயைப் பிளக்கலாம். தாம்சன் பாதையில் காட்சி என்று ஒன்றுமில்லை. ஓட்டுநர் இல்லாத ரயில் என்பதால் முன் கண்ணாடியருகே நிற்க இடம் கிடைக்கும். மாணவர் அங்கே நின்று சுரங்கத்தை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவார். ஐந்து நிமிட இருட்டை முழுதாகப் பார்த்த அம்மா, “சாப்பிட்டியா?” என்று பதில் போடுவார்.

அடுத்த கட்சி உணவுவாதிகள். இட்லிக்கும் சாம்பாருக்கும் ஏங்கிப் போகிறார்கள் என்பது இவர்கள் துணிபு. 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கும் கோமள விலாஸைச் சான்று காட்டுவார்கள். சான்று சரி, முடிவு தவறு. சிங்கப்பூரின் அடுக்குமாடிப் பேட்டைகளில் காப்பிக்கடைக்குக் காப்பிக்கடை ஓர் இந்தியக் கடை இருக்கும்; தோசையும் பரோட்டாவும் உட்லண்ட்ஸிலேயே கிடைக்கும். பக்திவாதிகள் அதே சாலையில் கோயில் கொண்ட வீரமாகாளியம்மனைச் சொல்வார்கள். அம்மன் அருள் பெரிதுதான். ஆனால் உட்லண்ட்ஸுக்கு அடுத்த நிலையமான மார்சிலிங் வட்டாரத்திலேயே சிவ-கிருஷ்ணர் கோயில் இருக்கும்போது, இரண்டு ரயில் ஏறி அம்மனைப் பார்க்கப் போகிறார் என்றால், அந்த மாணவர் தேர்வு எழுதப் போகிறார் என்று பொருள். முதல் மாதத்தில் தேர்வு இல்லை.

தேக்காவில் விலை மலிவு என்னும் பொருளியல்வாதிகளை ஒரே கணக்கில் அனுப்பிவிடலாம். போக வர ரயிலுக்கு ஏறக்குறைய 4 வெள்ளி. வெள்ளிக்கு அறுபது ரூபாய்க்கு மேல் என்று வைத்துப் பெருக்கினால் 240ஐத் தாண்டுகிறது. மல்லிக்கட்டு வாங்கி இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் மாணவர் மொத்த வியாபாரத்தில் இறங்க வேண்டும்.

பரபக்கம் முற்றிற்று. இனி சுபக்கம்.

1888 செப்டம்பர் இறுதி. சட்டம் படிக்க வந்த குஜராத்தி இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் இறங்குகிறார். பத்தொன்பது வயது நிறைய இன்னும் சில நாள் இருக்கிறது. பத்திரமாக வைத்திருந்த வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் போட்டுக்கொண்டு கரையேறினார். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை உடுத்தவர் அவர் ஒருவர்தான். மாற்றலாம் என்றால் பெட்டியும் சாவியும் முகவரிடம். அன்று சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு, பெட்டி வராது. லண்டன் விக்டோரியா ஹோட்டலில் அவரை ஒரு சின்ன அறைக்குள் அழைத்துப் போனார்கள். கொஞ்ச நேரம் உட்கார வேண்டிய அறை போலிருக்கிறது என்று நினைத்தார். அது லிஃப்ட். இரவு எட்டு மணிக்கு டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா பார்க்க வந்தார். பேச்சுக்கு நடுவே இளைஞர் அவருடைய பட்டுத் தொப்பியை எடுத்து, அதன் மென்மயிரை எதிர்ப்பக்கமாகத் தடவிவிட்டார். மேத்தா அங்கேயே ஐரோப்பிய நாகரிகத்தின் முதல் பாடத்தை நடத்தினார். பிறர் பொருளைத் தொடாதே. ஊரில் கேட்பதுபோல் முதல் சந்திப்பிலேயே கேள்வி கேட்காதே. சத்தமாகப் பேசாதே. எல்லாரையும் சார், சார் என்று கூப்பிடாதே. இளைஞர் பிற்பாடு மகாத்மா ஆகி, சத்திய சோதனையில் இந்தப் பாடத்தை எழுதி வைத்ததால் நமக்கு ஆதாரம் கிடைத்தது.

இந்த நான்கு தடையும் சிங்கப்பூருக்கு வரும் மாணவருக்கு யாரும் சொல்லாமலே பொருந்திவிடுகின்றன. ரயில் நிலையத்தில் நுழைந்ததும் பலகை தெரிகிறது: புகைத்தால் 1,000 வெள்ளி, சாப்பிட்டாலோ குடித்தாலோ 500, தீப்பற்றும் பொருள் கொண்டுவந்தால் 5,000. டுரியான் பழத்துக்கும் தடை உண்டு, ஆனால் தொகை போடவில்லை. தொகை தெரியாத தண்டனைதான் புது மாணவரை அதிகம் பயமுறுத்துகிறது. பையில் உள்ள தண்ணீர் பாட்டிலைத் தொடவும் கை வராது. நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அது கட்டாயம். காலி மேசை என்று உட்காரப் போனால் நடுவில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடக்கிறது. அது குப்பை இல்லை, பட்டா.

காப்பிக்கடையில் நிலைமை இன்னும் மோசம். ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் ஊற்றி இனிக்க இனிக்க வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் இரண்டும் இல்லை. பாலும் வேண்டும், சீனி குறைவாகவும் வேண்டும் என்றால் அதற்கும் சொல் உண்டு. ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது. மாணவர் காதில் விழுந்த கடைசிச் சொல்லையே திருப்பிச் சொல்லிவிட்டு, முதல் வாரம் முழுவதும் கோசோங் குடிக்கிறார்.

கேட்கக் கூச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கும்பகோணத்துச் சான்றே உண்டு. 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜில் இரவெல்லாம் மேலங்கி போட்டுக்கொண்டு, சால்வையும் போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்கினார். நண்பர் மஹலனோபிஸ் அறைக்குள் போய்ப் பார்த்தபோது கட்டிலில் கம்பளிகள் இருந்தன. மெத்தைக்கடியில் ஒழுங்காகச் செருகி வைத்திருந்ததால், அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை. எண்களின் அந்தரங்கமெல்லாம் அறிந்தவர் ஒரு கம்பளியைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது தேக்கா. சிராங்கூன் சாலை முனையில் 1982இல் எழுந்த கட்டடம். சீனமொழிப் பெயரில் நிர்வாகம் அதை அழைத்துப் பார்த்தது, ஜனங்கள் மசியவில்லை, 2000இல் தேக்கா நிலையம் என்றே பெயர் திரும்பியது. கீழ்த்தளத்தில் காய்கறி, மீன், இறைச்சி, உணவுக் கடைகள். மேல்தளத்தில் துணியும் தையல்காரர்களும். மாணவர் வெண்டைக்காய்க் குவியல் முன்னால் நின்று, ரயிலில் தண்ணீர் பாட்டிலைத் தொடாத அதே கையால், ஒரு காயை எடுத்து நுனியை ஒடிக்கிறார்.

“தம்பி, ஒடிக்காதீங்க. எல்லாம் பிஞ்சுதான்.”

“பார்க்கத்தாங்க்கா…”

“எந்த ஊரு?”

“தஞ்சாவூர்.”

“தஞ்சாவூர்ல?”

“தஞ்சாவூர் இல்ல, பட்டுக்கோட்டை.”

“பட்டுக்கோட்டையில?”

“பட்டுக்கோட்டைன்னா… பேராவூரணி பக்கம்.”

“அப்படிச் சொல்லுங்க. எங்க தாத்தா அந்தப் பக்கம்தான். படிப்பா, வேலையா? மாசம் வாடகை எவ்வளவு குடுக்கறீங்க? அவ்வளவா!”

மேத்தாவின் சட்டம் ஒன்று, இரண்டு, மூன்று, வரிசையாக உடைகிறது. பொருளைத் தொட்டார். முதல் சந்திப்பிலேயே ஊர், படிப்பு, வாடகை எல்லாம் கேட்கப்பட்டது. இருவரும் பேசியது பக்கத்து மீன்கடை வரை கேட்டது. நான்காவது சட்டம் அடுத்த கடையில் உடையும். அங்கே கல்லாவில் இருப்பவர் சார், நிறுத்துப் போடுபவர் அண்ணே, வரிசையில் முந்துபவர் பாஸ். வெண்டைக்காய் முற்றல் என்று சொல்லி அரை வெள்ளி குறைக்கக் கேட்டு, கிடைக்காமல், அதே விலைக்கு வாங்கிக்கொண்டு பரம திருப்தியோடு நகர்கிறார். உட்லண்ட்ஸ் பேரங்காடியில் நெகிழித் தாளில் சுற்றி விலை ஒட்டி வைத்த வெண்டைக்காயும் நன்றாகத்தான் இருக்கும். அதனிடம் கோபித்துக்கொள்ள முடியாது.

ஞாயிறு மாலையானால் வெளியே தெருவெங்கும் கட்டுமானத் தளங்களிலிருந்தும் கப்பல் பட்டறைகளிலிருந்தும் வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். எந்தச் சிம் மலிவு, எங்கே முடி வெட்டலாம், ஊருக்குப் பணம் அனுப்ப எந்தக் கடை என்று பல்கலைக்கழக வரவேற்பு வாரம் சொல்லித் தராத அத்தனையும் இவர்களிடம் கிடைக்கும். கோப்பி ரகசியமும் அங்கேதான் அவிழ்கிறது. “கோப்பி சியூ டாய்னு சொல்லுப்பா, சீனி கம்மியா குடுப்பான்” என்று ஓர் அண்ணன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார். ராமானுஜனுக்கு ஒரு மஹலனோபிஸ் வாய்த்தார். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மஹலனோபிஸ்கள் ஆயிரக்கணக்கில் நடமாடுகிறார்கள்.

ஆகவே சித்தாந்தம்: மாணவர் தேக்காவுக்குப் போவது சாமான் வாங்க அல்ல, புதியவராக இருப்பதிலிருந்து அரை நாள் விடுப்பு எடுக்க. இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். அப்படியானால் பழகியபின் போக்கு குறைய வேண்டுமே? குறையத்தான் செய்கிறது. இரண்டாவது பருவத்தில் அவர் பூந்தோட்டமும் விலங்குத் தோட்டமும் பார்த்துவிடுகிறார். புது மாணவர்கள் வந்து இறங்கும்போது அவரே கூட்டிப்போகிறார். ரயிலில் அவர்களைப் பார்த்து “மெதுவா பேசுங்கடா” என்று மேத்தாவாகிறார், தேக்கா வந்ததும் அவரே வெண்டைக்காயை ஒடிக்கிறார்.

இக்கொள்கைக்கு ஒரு சோதனை வரப்போகிறது. உட்லண்ட்ஸ் நார்த் நிலையத்திலிருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்குச் சுமார் 4 கிலோமீட்டர் ரயில் பாதை. 2026 இறுதியில் தொடங்குவதாகத் திட்டம், பயணம் ஐந்தே நிமிடம். ஜொகூர் பாரு நடுவிலும் ஒரு லிட்டில் இந்தியா இருக்கிறது. பத்து நிறுத்தம் தெற்கே போகிறவர்கள் இரண்டே நிறுத்தத்தில் வடக்கே போவார்களா? போவார்கள் என்றால், விலைப் பலகையைப் பார்த்ததும் ரிங்கிட்டை வெள்ளியாக்கி, வெள்ளியை ரூபாயாக்கும் இரட்டைப் பெருக்கலை அவர்கள் வரிசையை நிறுத்தாமல் எப்படிச் செய்வார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.