துணைக்கு வந்த சிறுமி: ‘பிரேம’த்தில் விடுபட்ட ஒரு வாயில்

அல்போன்ஸ் புத்திரனின் ‘பிரேமம்’ (2015) ஆலுவாவில் நடக்கும் மலையாளப் படம். ஆனால் அதை உத்தியோகபூர்வமாகப் பார்க்கும் பொறுப்பு இரண்டு முறையும் திருவனந்தபுரத்துக்கே வாய்த்தது: முதலில் தணிக்கைக்கு, அடுத்து மாநில விருதுக்கு. இரண்டு முறையும் ஒரு சிறுமி தலைநகரைச் சத்தமில்லாமல் கடந்துபோயிருக்கிறாள். அவளை மீட்பதே இவ்வாய்வின் நோக்கம்.

2000ஆம் ஆண்டுப் பகுதியில் நாயகன் ஜார்ஜின் முதல் காதலி மேரி நடந்து வருகிறாள். அந்தச் சுருள்முடிக்குப் பின்னால் ஊர்ப் பையன்கள் மொத்தமும். மேரியின் பக்கத்தில் ஒரு சிறுமி, பெயர் செலின். 2014இல் ஜார்ஜின் கடைக்கு ரெட் வெல்வெட் கேக் கேட்டு வருபவளும், முடிவில் அவனைக் கட்டிக்கொள்பவளும் இவளே. அதாவது மூன்றாம் காதல், முதல் காதலின் ஃபிரேமுக்குள்ளேயே நல்ல வெளிச்சத்தில் நின்றிருக்கிறது. ஜார்ஜ் கவனிக்கவில்லை, சரி. அவன் வயது அப்படி. காசு கொடுத்து உட்கார்ந்திருந்த நமக்கு என்ன கேடு?

அவளைக் கவனியாத இந்தப் பிழை தொன்மையானது. தொல்காப்பியர் தலைவன் தலைவியர்க்கு இடையே தூதாக நிற்கும் வாயில்கள் என்று பன்னிருவரை வகுத்தார். (அது கற்பியல், இது களவு என்று எழும் புலவர்கள் தயைகூர்ந்து அமரலாம்.) ஜார்ஜின் நண்பர்கள் கோயாவையும் ஷம்புவையும் பாங்கன் கணக்கில் வரவு வைக்கலாம், டிக்கெட் வாங்கிய நாம் கண்டோர். துணைக்கு வரும் வாண்டுக்கு மட்டும் இடமில்லை. ‘இளையர்’ என்பதில் அவளும் அடங்குவாள் என்பாரும் உளர். அடங்காள். இளையர் தலைவனின் ஏவலர். செலின் மேரி கட்சி.

நம் வீடுகளில் வயசுப் பெண்ணைத் தனியே அனுப்புவதில்லை. “இவளையும் கூட்டிட்டுப் போ” என்று சித்தி மகளையோ பக்கத்து வீட்டுக் குட்டியையோ ஒட்டிவிடுவார்கள். ஏற்பாடு காவலுக்கு, விளைவோ ஆவணக் காப்பகம். யார் எந்தத் திருப்பத்தில் நின்றான், யார் பேச்செடுத்து வழிந்தான் என்பதெல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். 14 ஆண்டுகள் கழித்துக் கேக் வாங்க வந்த இடத்தில் கோப்பு திறக்கும்.

தமிழர் குற்றம் தனி ரகம். சென்னையில் 200 நாள்களைத் தாண்டி ஓடிய படத்தில் நாம் பார்த்தது ஜார்ஜின் இரண்டாம் காதலான மலர் டீச்சரை மட்டுமே. கேக் வரும்போது பாதிப் பேர் மனத்தளவில் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆனால் 2016இன் தெலுங்கு மறுஆக்கத்தைப் பாருங்கள்: மலர் வேடத்துக்கு சாய் பல்லவிக்குப் பதில் ஸ்ருதி ஹாசன் வந்தார், செலின் வேடத்தில் அதே மடோனா செபாஸ்டியன். மலரை மாற்றலாம், செலினை மாற்ற இயலாது என்பது இதனால் நிறுவப்பட்டது. மேரியாக அனுபமா பரமேஸ்வரனும் தொடர்ந்தாரே என்ற வினாவுக்கு இக்கட்டுரையில் இடமில்லை.

2016 மார்ச்சில் மாநில விருதுகள் அறிவிக்கப்பட்டன, ‘பிரேம’த்துக்கு ஒன்றுமில்லை. படம் அசட்டையாக எடுக்கப்பட்டது என்ற பொருளில் ஜூரித் தலைவர் மோகன் சொன்ன கருத்து பெரும் சர்ச்சையானது. அதுகூடப் பரவாயில்லை. பத்மராஜன் எழுத, ‘ஷாலினி என்டெ கூட்டுகாரி’ (1980) எடுத்தவர் அதே மோகன். தலைப்பிலேயே ஷாலினியைத் தன் தோழி என்று உரிமை கொண்டாடும் படம் அது. கூட வருபவளின் மதிப்பு இவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

எனவே கேரள மாநிலச் சலச்சித்ர அகாதமி ‘சிறந்த உடன்வருநர்’ என்ற பிரிவை முன்தேதியிட்டுத் தொடங்க வேண்டும். பரிசு வாங்கச் செலின் தனியாக மேடையேறக் கூடாது. துணைக்கு ஒரு வாண்டு வேண்டும். அதன் பெயரை அகாதமி அன்றே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.