தேதி தப்பிய சேகரம்

டவுனில் அந்தப் பழைய பேப்பர் கடைக்காரர் என்னைக் கண்டதும் தராசைத் தள்ளி வைத்துவிடுவார். எல்லாரும் எடைக்குப் போட வருகிற இடத்தில், ஒற்றைத் தாளுக்கு அரைக்கட்டு விலை கொடுக்க வருகிறவன் நான். அயல்நாட்டோடு இந்தியா கையெழுத்துப் போட்ட சேதி வந்த பேப்பர்களைச் சேர்க்கிறேன். வீட்டில் இதற்கு வேறு பெயர்.

முதல் கொள்முதல், ராஜீவ் - ஜெயவர்த்தனே ஒப்பந்தம். கொழும்பில் கையெழுத்தானது 1987 ஜூலை 29. அதே தேதி போட்ட பேப்பரை 200 ரூபாய்க்கு வாங்கி வந்து விரித்தால், பிரதமர் இன்று கொழும்பு போகிறார் என்று இருந்தது. காலைப் பேப்பரில் நேற்றுதானே வரும்! நாற்பது வருஷமாகக் காப்பியும் பேப்பருமாக விடிகிறவனுக்கு இது உறைக்க 200 ரூபாய் ஆயிற்று.

அடுத்தது கச்சத்தீவு, 1974 ஜூன் 29. இந்தத் தடவை தேதி சரி. மடிப்பில் லேசாகக் கிழிந்திருந்தது. கைவேலையில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. செல்லோ டேப் ஒட்டினேன். நியூஸ்பிரிண்ட் மட்டமான மரக்கூழ், தானாகவே பழுக்கும். டேப்பின் பசை அதற்குத் துணை போயிற்று. இரண்டு கோடையில் டிகாஷன் நிறத்தில் ஒரு பட்டை. உரித்தேன். எழுத்தும் டேப்போடு வந்தது. 285 ஏக்கர் தீவை இரண்டாம் முறை கைவிட்டவன் நான்தான்.

தாஷ்கண்ட் கதை சொல்லவே கூசுகிறது. 1966 ஜனவரி 10 பிரகடனம். அன்று நள்ளிரவு தாண்டிச் சாஸ்திரி காலமானார். எனக்குக் கிடைத்தது முன்னிரவிலேயே அச்சாகிப் போன 11-ஆம் தேதி வெளியூர்ப் பதிப்பு. அதில் அவர் உயிரோடு அயூப்கானிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். 2023 டிசம்பரில் தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள் ஏறி வந்த இரவு, கரண்ட் இல்லாத இருட்டில் கட்டிலடிக் கட்டைத் தூக்கிக்கொண்டு தட்டட்டிக்கு ஓடினேன். விடிந்து பார்த்தால் எடைக்குப் போட வைத்திருந்த நவம்பர் மாதக் கட்டு. ஒரு துளி ஈரமில்லை. தாஷ்கண்ட் கீழே களியாகிக் கிடந்தது.

போன மாதம் கடைக்காரர் போன் பண்ணினார். “அண்ணாச்சி, ரஷ்யா ஒப்பந்தம்னு சொல்லுவியளே, எழுபத்தொண்ணு ஆகஸ்ட் ஒம்பது பேப்பர் ஒண்ணு கெடக்கு.”

ஏமாறுவேனா? “கையெழுத்தே ஒன்பதாம் தேதிதான். எனக்குப் பத்து வேணும்” என்று அவருக்குப் பாடம் நடத்திவிட்டு வைத்தேன்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் தோன்றியது. காலையில் ஓடினேன்.

“அது மாலைப் பேப்பருல்லா! கொட்ட எழுத்துல போட்டிருந்தாம். நீங்க வேண்டாம்னியளேன்னு பஜ்ஜிக் கடைக்குக் கட்டோட போட்டுட்டேன்.”

பஜ்ஜிக் கடையில் இரண்டு பிளேட் சாப்பிட்டேன். இரண்டு தாளிலும் சினிமா விளம்பரம்.